மறுபடியும் அதே சேலையா?

கல்யாண வீட்டுல அடிக்கடி காதுல விழுற கேள்வி ஒண்ணு இருக்கு. "இது போன வருஷம் வளைகாப்புக்குக் கட்டிட்டு வந்த சேலைதானே?" கேட்கிறவங்க பல சமயம் பாசமாத்தான் கேட்கிறாங்க. ஆனா பதில் சொல்றவங்க குரல் உடனே இறங்கிடுது. "ஆமாக்கா, அவசரத்துல கையில கிடைச்சதைக் கட்டிட்டு வந்துட்டேன்." பிடிச்ச சேலை, பொருத்தமான சேலை, ஆயிரக்கணக்குல காசு கொடுத்து எடுத்த சேலை. அதை ரெண்டாவது தடவை கட்டினதுக்கு எதுக்குங்க சமாதானம்? இந்தக் கூச்சம் இப்ப ஃபோனுக்குள்ளயும் புகுந்துடுச்சு. ஒரு தடவை ஃபோட்டோ போட்ட துணியில இன்னொரு ஃபோட்டோ போட யோசிக்கிறாங்க. அதே ஃபோன்ல, விரலை ஒரு தள்ளு தள்ளினா, "உங்க பர்சனல் ஸ்டைல் என்ன?"ன்னு ஒரு ரீல்ஸ் வருது. உங்களை மூணு வார்த்தையில சொல்லுங்க, உங்க தோல் நிறத்துக்கு எந்த கலர் குடும்பம்னு பாருங்க, உடம்பு வாகு எதுன்னு கண்டுபிடிங்க. எல்லாம் சொல்லி முடிச்சதும் கீழ லிங்க். வாங்கிக்கலாம்!

எனக்கு எரிச்சல் வர்ற இடம் இதுதான். ஒரு துணியைத் திரும்பப் போடவும் கூடாது, ஆனா தனக்குன்னு ஒரு ஸ்டைலும் இருக்கணும்னா அது எப்படி நடக்கும்? ஒரு கடையில நின்னுக்கிட்டு, கண்ணாடிக்குள்ள தொங்குற ஒரு சட்டையைப் பார்த்து, "இது அப்படியே நம்ம கீதா மாதிரி இருக்கு"ன்னு சொல்றோமே, அந்த இடத்துல கீதாவுக்கு ஸ்டைல் இருக்குன்னு அர்த்தம். அவங்க அங்க இல்ல, துணிதான் இருக்கு, ஆனாலும் அவங்க ஞாபகம் வருது. ஏன் வருது? அந்த மாதிரி நிறத்துல, அந்த மாதிரி கழுத்துல, அந்த மாதிரி நீளத்துல அவங்களைப் பல தடவை பார்த்திருக்கோம். ஒரே ஒரு நாள் போட்ட உடுப்பு எவ்வளவு அழகா இருந்தாலும் பாராட்டு உடுப்புக்குப் போகுது. நாலு வருஷமா போடுற உடுப்புக்குக் கிடைக்கிற பாராட்டுதான் ஆளுக்குப் போய்ச் சேருது. திரும்பத் திரும்ப உடுத்துறதுலதான் ஸ்டைல் பிறக்குது, அதைத் தவிர அதுக்கு வேற வழியே கிடையாதுங்கிறதுதான் நான் சொல்ல வர்றது.

ஃபேஷனோட கணக்கு இதுக்கு நேர் எதிர். ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1904-ல ஃபேஷனைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். மனுஷனுக்கு ரெண்டு ஆசை, நாலு பேர் மாதிரி இருக்கணும், நாலு பேர்ல இருந்து தனியாவும் தெரியணும், ஃபேஷன் இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல தீர்த்து வைக்குதுங்கிறது அவர் வாதம். அதனாலயே எல்லாரும் அதைப் போட ஆரம்பிச்ச அன்னிக்கு அது செத்துப் போயிடுது, அடுத்தது வந்தாகணும். நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி எழுதினது, இன்னிக்குப் படிச்சாலும் பொருந்துது. மாறிக்கிட்டே இருந்தாத்தான் ஃபேஷன் உயிரோட இருக்கும். ஸ்டைலுக்கு நிலைச்சு நிக்கிற குணம் வேணும். இந்த ரெண்டையும் ஒரே கடையில, ஒரே பில்லுல வாங்கிடலாம்னு நம்மளை நம்ப வச்சிருக்காங்க.

இதுக்கு நான் காட்டுற முதல் சாட்சி பில் கன்னிங்ஹாம். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காக நாற்பது வருஷத்துக்குக் கிட்ட தெருவுல நின்னு, நடந்து போறவங்க உடுப்பைப் படம் எடுத்தவர். 2016-ல, 87 வயசுல இறந்தார். உலகத்துல எத்தனை விதமான உடுப்பு உண்டோ அத்தனையையும் அவர் லென்ஸ் பார்த்திருக்கு. அவர் போட்டுக்கிட்டது என்ன? பிரான்ஸ்ல கூலி வேலை செய்யுறவங்க போடுற நீல நிறப் பருத்தி ஜாக்கெட். முன்னாடி பெரிய பாக்கெட்டுகள், ஃபிலிம் ரோல் போட வசதி, விலையும் கம்மி. ஒண்ணு கிழிஞ்சா அதே மாதிரி இன்னொண்ணு. சைக்கிள்ல போவார், மழைக் கோட்டு கிழிஞ்சா டேப் ஒட்டிப் போட்டுக்குவார். 2008-ல பிரெஞ்சு அரசு அவருக்குக் கலைக்கான விருது கொடுத்தப்போ, அந்த விழாவுலயும் வந்தவங்களை இவரே நின்னு படம் எடுத்துக்கிட்டு இருந்தார். அவரைப் பார்த்து "ஃபேஷன் தெரியாத மனுஷன்"னு யாரும் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிஞ்ச அளவுக்குத் தெரிஞ்சவங்க கொஞ்சம் பேர்தான்! அத்தனையும் தெரிஞ்சுதான் ஒரு ஜாக்கெட்டுல நின்னார்.

அவர் கண்ணு எப்படிப்பட்டதுன்னு சொல்ல ஒரு விஷயம் போதும். 1978-ல தெருவுல ஒரு பெண் கோட்டு போட்டு நடந்து போறாங்க. அந்தக் கோட்டோட தோள் வெட்டு அவ்வளவு அழகா இருக்குன்னு படம் எடுக்குறார். அது நடிகை கிரெட்டா கார்போன்னு அவருக்கு அப்புறம்தான் தெரியும். பேரும் தெரியாம, முகமும் தெரியாம, தோள்ல துணி உட்கார்ந்த விதத்தை மட்டும் பார்த்தே ஒருத்தரைக் கவனிச்சு நிக்கிற கண்ணு அது. (ரீல்ஸ் சொல்லிக் கொடுக்க வேண்டியது இதை. சொல்லித் தர்றது என்னவோ கடைப் பேர்தான்.)

இங்க ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. "தினமும் ஒரே உடுப்புன்னா அது யூனிஃபார்ம். ஸ்கூல் பிள்ளைங்க கூடத்தான் ஒரே உடுப்பு போடுறாங்க, அது ஸ்டைலா?" இதுக்கு ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸ் கதையிலயே பதில் இருக்கு. அவரோட வாழ்க்கை வரலாற்றுல வால்டர் ஐசக்சன் எழுதியிருக்கார். ஜாப்ஸ் ஜப்பானுக்குப் போனப்போ சோனி கம்பெனியில எல்லாரும் யூனிஃபார்ம் போட்டிருந்ததைப் பார்த்தார். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் தொழிலாளர்களுக்குப் போட்டுக்கத் துணியே இல்லாத காலத்துல கம்பெனி கொடுக்க ஆரம்பிச்ச வழக்கம் அது. சோனிக்கு உடுப்பு வடிவமைச்ச இஸ்ஸே மியாக்கே கிட்டயே ஆப்பிளுக்கும் ஒரு கையில்லாத ஜாக்கெட் செஞ்சு தரச் சொன்னார். அதை ஊழியர்கள் முன்னாடி காட்டினப்போ கூச்சல் போட்டு விரட்டிட்டாங்க. யாருக்கும் வேண்டாம். அதுக்கப்புறம்தான் தனக்கு மட்டும்னு கழுத்து மூடின கறுப்பு பனியன் கேட்டார், மியாக்கே நூறு கிட்ட செஞ்சு கொடுத்தார். யோசனை ஒண்ணுதான், வடிவமைச்சவரும் ஒருத்தர்தான். ஆயிரம் பேர் மேல திணிக்கப் பார்த்தப்போ அது யூனிஃபார்ம், ஒருத்தர் தானே எடுத்துக்கிட்டப்போ அது ஸ்டைல். திரும்பப் போடுறது யாரோட முடிவுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

நம்ம ஊர் ஆட்கள் இப்ப எல்லாருக்கும் ஞாபகம் வருவாங்க. பெரியாரோட கறுப்புச் சட்டை, எம்.ஜி.ஆரோட தொப்பியும் கண்ணாடியும், கலைஞரோட மஞ்சள் துண்டு. இவை கட்சிக்கும் கொள்கைக்கும் கூட்டத்துக்கும் சேர்ந்த அடையாளங்கள், அதனால இவற்றைத் தனி ஸ்டைல் கணக்குல முழுசா சேர்க்க நான் தயங்குறேன். எம்.எஸ். சுப்புலட்சுமி வேற விஷயம். காஞ்சிபுரம் பட்டு, மூக்குல ரெண்டு பக்கமும் வைரம், தலையில மல்லி. மேடை மாறுச்சு, வயசு மாறுச்சு, இது மாறல. கடைசியில ஒரு நீல நிறத்துக்கே 'எம்.எஸ். ப்ளூ'ன்னு பேர் வந்துடுச்சு, இன்னிக்கும் பட்டுக் கடையில அந்தப் பேரைச் சொன்னா எடுத்துப் போடுவாங்க. ஒரு தடவை கட்டிட்டு பீரோவுல வச்சுட்டவங்க பேர் எந்த நிறத்துக்கும் வராது.

ஆனா எதைத் திரும்பப் போடணும்னு எப்படித் தெரியும்? "மனசுக்குள்ள நீங்க யாருன்னு பாருங்க"ன்னு சொல்றாங்க. நான் அதை நம்பல. உடம்பு என்ன கேட்குது, வேலை என்ன கேட்குது, ஊர் வெயில் என்ன கேட்குதுன்னு பார்க்கிறதுல இருந்துதான் அது ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறேன். இதுக்கு ஃப்ரீடா காலோவை விடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியல. மெக்சிகோ ஓவியர். ஆறு வயசுல போலியோ வந்து ஒரு கால் மெலிஞ்சு போச்சு. 1925-ல, 18 வயசுல, பஸ் விபத்து. முதுகெலும்பும் இடுப்பும் நொறுங்கி, வாழ்நாள் முழுக்க ஆபரேஷன்கள், பிளாஸ்டர்லயும் தோல்லயும் இரும்புலயும் செஞ்ச இடுப்புப் பட்டைகள். நாம போஸ்டர்லயும் பையிலயும் பார்க்கிற அந்தப் பூ வச்ச தலையும் பாவாடையும் தெவாந்தெபெக் பகுதிப் பெண்களோட உடுப்பு. பார்க்க வெறும் அலங்காரம் மாதிரி தெரியும். உடுப்பை வெட்டின விதத்தைப் பார்த்தா கதை வேற. மேல போடுற வீபீல்ங்கிற சட்டை அகலமா, சதுரமா, குட்டையா இருக்கும். இடுப்பைப் பிடிக்காது, உள்ள பட்டை கட்டியிருந்தாலும் தெரியாது, உட்கார்ந்தா சுருண்டுக்காது. பாவாடை தரையைத் தொடும், காலை மறைக்கும். அலங்காரம் எல்லாம் தலையிலயும் கழுத்துலயும் காதுலயும். பார்க்கிறவங்க கண்ணு தானா மேல போகும். நாள் முழுக்கப் படுத்தோ உட்கார்ந்தோ வரையுற ஒரு உடம்புக்கு இதைவிடப் புத்திசாலித்தனமா ஒரு உடுப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அவங்க இதுல எடுத்த உடனே வந்து நிக்கல. 1926-ல அப்பா கில்லெர்மோ எடுத்த குடும்பப் படங்கள்ல ஃப்ரீடா ஆம்பளை கோட்டு சூட்டு போட்டு நிக்கிறாங்க, அதுலயும் காலை மறைக்கிற பேண்ட். தேடல் அங்கயே தொடங்கிடுச்சு. 1954-ல அவங்க இறந்ததுக்கு அப்புறம் கணவர் டியேகோ ரிவேரா அவங்க பொருளையெல்லாம் ஒரு குளியலறையில பூட்டி வச்சுட்டார். 2004-லதான் அதைத் திறந்தாங்க. உடுப்புகளோட, படம் வரைஞ்ச பிளாஸ்டர் பட்டைகளும், கடைசி வருஷத்துல கால் எடுத்ததுக்கு அப்புறம் மாட்டிக்கிட்ட செயற்கைக் காலும் இருந்துச்சு. அந்தச் செயற்கைக் காலுக்குச் சிவப்பு பூட்ஸ், அதுல எம்ப்ராய்டரி, கூட ஒரு சின்ன மணி. வலி, அரசியல், அம்மா வழி ஊர், அழகு எல்லாம் சேர்ந்துதான் அந்த உடுப்பு. ஆனா அதைக் கடைசி வரைக்கும் போட வச்சது உடம்போட கணக்கு சரியா இருந்ததுதான்.

"சரி, விதவிதமா உடுத்துறவங்களுக்கு ஸ்டைல் இல்லையா? தினம் ஒரு கலர்ல வர்றதே சிலருக்கு அழகு"ன்னு கேட்கலாம். இந்த மறுப்பை நான் ஒதுக்கல. ஐரிஸ் ஆப்ஃபெல்னு நியூயார்க்ல ஒரு பாட்டி இருந்தாங்க, 2024-ல 102 வயசுல இறந்தாங்க. கணவரோட சேர்ந்து பழைய காலத்துத் துணி ரகங்களை நெய்து விற்கிற கம்பெனி நடத்தினவங்க. 2005-ல, 84 வயசுல, அவங்க உடுப்புகளை வச்சு மெட்ரோபாலிட்டன் மியூசியம் ஒரு கண்காட்சியே நடத்துச்சு. ஒரு நாள் போட்ட சேர்க்கை மறுநாள் இருக்காது. ஆனா உத்துப் பாருங்க, மாறாதது நிறைய. வட்டமான பெரிய கறுப்பு ஃபிரேம் கண்ணாடி எப்பவும் முகத்துல இருக்கும். முழங்கை வரைக்கும் வளையல். சந்தையில அஞ்சு காசுக்கு வாங்கின மணியும் பெரிய டிசைனர் கோட்டும் ஒண்ணா. பல வருஷம் பத்திரமா வச்சிருந்த பொருள்கள் திரும்பத் திரும்ப வேற வேற ஜோடியில வரும். அவங்க திரும்பச் செஞ்சது சேர்க்கிற முறையை. பீரோ பெருசா இருக்கலாம், முறை ஒண்ணா இருந்தா ஸ்டைல் இருக்கும். ஆப்ஃபெல் மாதிரி செய்யுறேன்னு மாசா மாசம் புதுசா வாங்குறவங்க, ஆப்ஃபெல் தன் பொருளை எத்தனை வருஷம் வச்சிருந்தாங்கங்கிறதை மறந்துடுறாங்க.

இதைவிடக் கனமான மறுப்பு பெண்கள் கிட்ட இருந்து வரும். திரும்பப் போடுற சுதந்திரம் ஆம்பளைக்குத்தான் இருக்கு, கன்னிங்ஹாமும் ஜாப்ஸும் ஆம்பளைங்கதானேன்னு. முழுக்க உண்மை. ஆஸ்திரேலியாவுல டி.வி. காலை நிகழ்ச்சி நடத்தின கார்ல் ஸ்டெஃபனோவிச் இதை நிரூபிச்சே காட்டினார். கூட நிகழ்ச்சி நடத்தின லிசா வில்கின்சனோட உடுப்பைப் பத்தி நேயர்கள் ஓயாம குறை எழுதிக்கிட்டு இருந்தாங்க. இவர் ஒரு நீல சூட்டை ஒரு வருஷமா கிட்டத்தட்ட தினமும் போட்டுக்கிட்டு வந்தார். ஒருத்தர் கூடக் கவனிக்கல. 2014 நவம்பர்ல அவரே வெளியில சொன்னப்போதான் ஊருக்குத் தெரிஞ்சுது. நம்ம கல்யாண வீட்டுலயும் இதேதான். வெள்ளைச் சட்டை வேட்டியில வர்ற சித்தப்பாவை, "போன கல்யாணத்துக்குப் போட்ட சட்டைதானே?"ன்னு யாரும் கேட்கிறதில்ல. கேள்வி சித்திக்கு மட்டும்தான். இதுனால என் வாதம் பலவீனமாகுதுன்னு நான் நினைக்கல. ஒரு பெண் ஒரே சேலையை மூணாவது தடவை தலை நிமிர்ந்து கட்டிட்டு வர்றதுக்கு ஒரு ஆணுக்கு வேண்டியதைவிட அதிகத் தைரியம் வேணும்னுதான் இது காட்டுது. அந்தத் தைரியத்தைக் கேள்வி கேட்டுக் குலைக்காம இருக்கிறது சுத்தி இருக்கிற நம்ம வேலை.

இன்னொரு மறுப்பும் இருக்கு, இதைத் தாண்டிப் போகவே கூடாது. ரெண்டே சட்டை உள்ளவங்க திரும்பத்தான் போடுறாங்க, அது ஸ்டைல்னு சொன்னா வறுமைக்கு மாலை போடுற மாதிரி ஆகாதா? ஆகும். வேற வழி இல்லாம போடுறதை நான் ஸ்டைல்னு சொல்ல வரல. தேர்ந்தெடுக்கிற உரிமை முதல்ல வேணும், அந்த உரிமைக்காக நம்ம மண்ணுல ரத்தம் சிந்தியிருக்காங்க. இன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டமா இருக்கிற தென் திருவிதாங்கூர்ல, நாடார் பெண்கள் தோள்சீலை போடுறதுக்குப் பல பத்து வருஷம் போராட வேண்டியிருந்துச்சு. 1859-ல வந்த அரசாணை மார்பை மூடிக்கலாம்னு அனுமதிச்சுது, ஆனா மேல் சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாதுன்னு ஒரு நிபந்தனையும் வச்சுது. கவனிங்க, துணியைக் கொடுத்தவங்க உடுத்துற விதத்தைக் கொடுக்கல. ஒருத்தரோட மரியாதை எதுல இருக்குன்னு அந்த ஆணையை எழுதினவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. பின்னாடி வந்த ரெண்டு தலைவர்களையும் இதோட வச்சுப் பாருங்க. 1921 செப்டம்பர் 22-ல காந்தி மதுரையில மேல் துணியைக் கழட்டி வச்சார். அம்பேத்கர் கோட்டு சூட்டு போட்டார், இன்னிக்கு ஊர் ஊரா இருக்கிற சிலைகள்லயும் அந்த நீலக் கோட்டோடதான் நிக்கிறார். கழட்டினவர்கிட்ட கழட்டுறதுக்குத் துணி இருந்துச்சு. துணி யாருக்கு மறுக்கப்பட்டுதோ அவங்க பக்கத்துல இருந்து வந்தவருக்குப் போட்டுக்கிறதுதான் பதில். எனக்கு ரெண்டாவது இன்னும் பெருசாத் தெரியுது.

கையில இருக்கிற துணி கொஞ்சமா இருந்தாலும், உரிமை வந்த பிறகு நம்ம ஆட்கள் அதுல காட்டுற நுணுக்கத்தைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். கைலியை எந்த உயரத்துக்கு மடிச்சுக் கட்டுறது, சட்டைக் கையை எத்தனை சுருட்டு சுருட்டுறது, முந்தானையை மடிப்பு வச்சு குத்துறதா ஒத்தையா விடுறதா, கொசுவம் அகலமா குறுகலா. ஆறு கஜம் எல்லாருக்கும் ஆறு கஜம்தான், ஆனா தெருமுனையில திரும்பும்போதே யார்னு தெரியுதே! இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது டெய்லர் கடையில கொடுக்கிற அளவு ஜாக்கெட். "இதே மாதிரி தைங்க, கழுத்து மட்டும் அரை இஞ்ச் ஏத்திக்குங்க, கை இவ்வளவு நீளம் வேணும்." அந்தப் பழைய ஜாக்கெட்டுக்குள்ள ஒரு பெண் தன் உடம்பைப் பத்திப் பல வருஷமா கத்துக்கிட்டது அத்தனையும் இருக்கு. அக்குள்ல பிடிக்காத வெட்டு, தோள்ல இறங்காத கழுத்து, கை தூக்கினா ஏறாத நீளம். எந்த ரீல்ஸும் இதைச் சொல்லித் தர முடியாது, ஏன்னா இது போட்டுப் போட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

இளசுகளுக்குப் புதுசு வேணும், தேடிப் பார்க்க வேண்டிய வயசுன்னு சொல்வாங்க. தேடட்டும், தேடியே ஆகணும். ஆனா ஒரு தடவை போட்டு ஃபோட்டோ எடுத்துட்டு ஒதுக்குறது தேடல் ஆகாது. ஒரு பேண்ட் நமக்கு ஒத்து வருதான்னு பஸ்ல ஏறி, வெயில்ல நடந்து, நாலு தடவை துவைச்சு, அஞ்சாவது தடவை கை தானா அதை எடுக்குதான்னு பார்த்தாத்தான் தெரியும். எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்துல துணி உற்பத்தி பதினஞ்சு வருஷத்துல ஏறக்குறைய இரண்டு மடங்காச்சு, ஒரு துணியைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி உடுத்துற தடவைகள் 36 சதவீதம் குறைஞ்சுது. சாயக் கழிவால நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு இதோட இன்னொரு விலையும் தெரியும். இங்க நான் சொல்ல வர்றது வேற நஷ்டம். இவ்வளவு துணி வாங்குற தலைமுறைக்கு, எது தனக்குப் பொருந்துதுன்னு தெரிஞ்சுக்க வேண்டிய நேரமே கிடைக்கல. பாதி கத்துக்கிறதுக்குள்ள அடுத்த பார்சல் வாசல்ல நிக்குது.

அதனால ஸ்டைல் தேடுறவங்க வாங்குற பட்டியலைத் தள்ளி வச்சுட்டு, துவைக்கப் போடுற கூடையைப் பாருங்க. வாரா வாரம் திரும்பத் திரும்ப அதுல வந்து விழுறது எது, ஓரம் நைஞ்சு போனது எது, பட்டன் மாத்தி மாத்திப் போட்டது எது. காசு அதிகம் கொடுத்தது அதுல இருக்காது, ஃபோட்டோவுல நல்லா வந்ததும் பெரும்பாலும் இருக்காது. அந்த நைஞ்ச துணியை எடுத்துக்கிட்டுப் பக்கத்துத் தெரு டெய்லர் கிட்டப் போங்க, அவர் இன்னும் கடை வச்சிருக்கும்போதே. இதே அளவுல, இதே வெட்டுல இன்னும் ரெண்டு வேணும்னு சொல்லுங்க. அடுத்த கல்யாணத்துல யாராவது "மறுபடியும் அதேவா?"ன்னு கேட்டா, ஆமான்னு சொல்லிட்டுப் பந்திக்குப் போங்க.